வேலை, வீடு, பிள்ளைகள், இதற்கு நடுவில் எடை குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எடை குறைக்கச் சொல்லித்தரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, நம் கையில் தினமும் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஆரம்பிக்கின்றன. ஐந்தரைக்கு எழுந்து, எட்டு மணிக்குள் டிபன், மூன்று லஞ்ச் பாக்ஸ், தலைவாரல், ஸ்கூல் வேன் என்று ஓடி, ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்குத் திரும்பி, ஹோம்வொர்க்கையும் இரவுச் சாப்பாட்டையும் முடிக்கிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது?

இல்லை. ஆகவே இங்கே அதைத் தேடப் போவதும் இல்லை. எப்படியும் சமைக்கிறோம், எப்படியும் சாப்பிடுகிறோம், எப்படியும் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் போய்வருகிறோம். இந்த வேலைகளுக்குள்ளேயே எடை குறைப்பையும் செருகிவிடப் போகிறோம். வரிசை முக்கியம்: முதலில் சமையலறை, அடுத்து நடை, கடைசியில் தசைக்கான பயிற்சி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே ஜிம்மில் சேர்ந்து, இரண்டாவது வாரம் முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சமையலறைக்கு ஏன் முதலிடம்? சுமார் 70 கிலோ எடை உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 130 முதல் 150 கலோரி செலவாகும். டீக்கடை மெதுவடை ஒன்றில் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. நடப்பதற்கு அரை மணி வேண்டும். வடையை வேண்டாம் என்று சொல்ல நேரமே வேண்டாம்.

நாம் தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையில் இருந்தார்கள். அந்தக் கணக்கில் வந்தவர்கள் 15 முதல் 49 வயதுக்காரர்கள். பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் வயது முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

முதலில் இலக்கு. எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு அது 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன். மேற்கு நாடுகளில் இந்த எல்லைகள் 25, 30 என்று இருக்கின்றன. நமக்குக் குறைவாக வைத்ததற்குக் காரணம், அவர்களைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை எட்டிப் பார்த்துவிடுகிறது. 160 செ.மீ. உயரம் என்றால் 59 கிலோவுக்குள் இருப்பது நல்லது. 64-ஐ எட்டினால் பருமன். 170 செ.மீ. உயரத்துக்கு இதே எல்லைகள் 66, 72.

எடையோடு வயிற்றுச் சுற்றளவையும் பார்ப்போம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பவர்களை டேப் மன்னிக்கும், ரத்தப் பரிசோதனை மன்னிக்காது.

80 கிலோவில் இருப்பவர் 60 என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டாம். எடையில் 5 சதவீதம் இறங்கினாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியத் தொடங்கும். அவருக்கு அது 4 கிலோ. மாதம் ஒன்றரை கிலோ வீதம் மூன்று மாதத்தில் முடிகிற காரியம்.

கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மாதம் ஒன்றரை கிலோ இறங்க, தினமும் 400 கலோரி போல் குறைத்தால் போதும். இந்த 400-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கிருந்து வரப்போகிறது என்பதைத்தான் இனிமேல் பார்க்கப் போகிறோம்.

ஆரம்பிக்கும் முன் டாக்டர்

சர்க்கரை, பி.பி., இதயக் கோளாறு, முட்டித் தேய்மானம், தைராய்டு என்று எது இருந்தாலும், அல்லது நாற்பதைத் தாண்டியிருந்தாலும், ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்போம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் தாங்களாகவே குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் இப்போது இந்தத் திட்டத்தில் இறங்க வேண்டாம். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தாய்க்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு.

பி.பி.யும் சர்க்கரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், தைராய்டு மூன்றையும் தனியார் லேபில் ஒரே பேக்கேஜாக எடுத்தால் சுமார் 1,000 முதல் 2,000 ரூபாய் ஆகும். காரணமே இல்லாமல் எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்டீராய்டு உள்ளிட்ட சில மருந்துகளும் எடையை ஏற்றும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

என்ன வாங்க வேண்டும்?

குறைவுதான். டிஜிட்டல் எடை மெஷின் 700 முதல் 1,200 ரூபாய். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று. நல்ல நடைக் காலணி 1,500 முதல் 2,500 ரூபாய். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், முட்டிதான் அதற்கு விலை கொடுக்கும். பிள்ளையின் பழைய நோட்டில் மீதமிருக்கும் பக்கங்கள் போதும், டைரி வாங்க வேண்டியதில்லை. ஒரு பெரிய ஸ்பூன், அதாவது 15 மி.லி. பிடிப்பது, எண்ணெய்க்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள்.

ஜிம் சந்தா, ஸ்மார்ட் வாட்ச், ஏர் ஃபிரையர், புரோட்டீன் டப்பா எதுவும் இப்போது வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் ஆசை இருந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுவோம்

இந்த வாரம் டயட் கிடையாது. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வாயில் போட்டதை எல்லாம் எழுத வேண்டும். அளவு தோராயமாக இருந்தால் போதும்: இரண்டு கரண்டி சோறு, ஒரு டம்ளர் காபி, ஆபீஸில் யாரோ கொண்டுவந்த பிறந்தநாள் கேக் ஒரு துண்டு.

ஒரு வீட்டின் காலை நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பிள்ளைக்கு இரண்டு தோசை வைக்கிறோம். ஒன்றரை தின்றுவிட்டு, “போதும்மா, வேன் வந்துடுச்சு” என்று ஓடுகிறது. மீதி அரைத் தோசை தட்டில் சட்னியோடு கிடக்கிறது. குப்பையில் போட மனசு வராது. பாத்திரம் தேய்க்கப் போகும் வழியில், நின்றபடியே அது நம் வாய்க்குள் போய்விடுகிறது. ராத்திரி தயிர்சாதத்தில் கடைசி இரண்டு வாய்க்கும் இதே கதை. ஊட்டும்போது ருசி பார்த்தது, பால் டம்ளரின் அடியில் இருந்த ஹார்லிக்ஸ், மூடும் முன் டப்பாவிலிருந்து எடுத்த மிக்சர்... இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வராமலே நூறு கலோரியைத் தாண்டிவிடும். நோட்டில் எழுதினால்தான் கண்ணில் படும்.

சனிக்கிழமை காலை, பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால் எடை பாருங்கள். வாரம் ஒருமுறை போதும், ஆனால் அதே கிழமை, அதே நேரம். வயிற்றுச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளக்கலாம்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்: மூன்று ஓட்டைகளை அடைப்போம்

முதல் ஓட்டை, சர்க்கரை. நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்றால் 30 கிராம் சர்க்கரை, 120 கலோரி. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் மொத்தக் குடும்பத்தின் மேல் விழும். இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று. பாதியாக்கினாலே நாளைக்கு 60 கலோரி மிச்சம். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் என்று மாற்றினால் கணக்கு மாறாது; கலோரி கிட்டத்தட்ட அதேதான். பால் விஷயத்தில், ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம். பெரியவர்களுக்கு நீலம் போதும், விலையும் குறைவு.

இரண்டாவது ஓட்டை, எண்ணெய். இதில்தான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றுகிற கை, எவ்வளவு ஊற்றியது என்று தனக்கே தெரியாது. ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. ஒன்று செய்யுங்கள்: புது எண்ணெய் பாக்கெட் பிரிக்கும் அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். காலியாகும் அன்றும் எழுதுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி, நெய் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மாதக் கணக்கு தெரிந்துவிடும்.

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 3 லிட்டர் ஆக்கினால் மிச்சமாவது 8,200 கலோரி. ஆளுக்கு மாதம் 2,000-க்கு மேல், அதாவது நாளைக்கு 65 கலோரி போல். எப்படிக் குறைப்பது? பொரியலுக்கு ஒரு ஸ்பூன் என்று அளந்து ஊற்றி, தண்ணீர் தெளித்து மூடி வேக வைக்கலாம். தோசைக்கு நன்றாகப் பழகிய இரும்புக் கல் இருந்தால் சில துளி போதும். அப்பளத்தைச் சுட்டுவிடலாம். வாரம் மூன்று முறை வறுவல் என்றால் ஒன்றாக்கலாம். குழம்பில் கையை வைக்க வேண்டாம். வீட்டில் சண்டை வரும், மிச்சமும் அதிகம் இருக்காது.

மூன்றாவது ஓட்டை, பிள்ளை வைத்த மிச்சம். பிள்ளைக்கு முதலில் ஒரு தோசை மட்டும் வையுங்கள், கேட்டால் அடுத்தது. மிச்சம் குறையும். அப்படியும் மிஞ்சினால் அதை நம் தட்டில் வைத்து, உட்கார்ந்து, நம் தோசையில் பாதியைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம். வீணாக்குவதும் இல்லை, கணக்கிலும் வந்துவிடுகிறது. இதில் நாளைக்கு ஒரு 100 கலோரி.

கூட்டிப் பாருங்கள்: 60, 65, 100. வேர்வை ஒரு சொட்டு சிந்தாமல் 225 வந்துவிட்டது.

நான்காவது வாரம்: ஒரே சமையல், வேறு தட்டு

தனக்கு மட்டும் ஓட்ஸ், சாலட், சூப் என்று தனிச் சமையல் ஆரம்பிக்கிறவர்கள் சீக்கிரமே களைத்துப்போவார்கள். வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு அடுப்புச் சமையல் கட்டுப்படியாகாது. வீட்டில் வைக்கிற அதே சாம்பார், அதே கூட்டு, அதே மீன் குழம்புதான் நமக்கும். மாறப்போவது தட்டில் எது எவ்வளவு என்பது மட்டும். ஓட்ஸ் உப்புமா பிடித்தால் சாப்பிடலாம். பிடிக்காமல் விழுங்கும் அளவுக்கு அதில் அப்படியொன்றும் இல்லை.

2024-இல் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். நம் தட்டு அப்படியா இருக்கிறது? சோறு மலைபோல், பொரியல் ஓரத்தில் தொட்டுக்கொள்ள. அதை இப்படி மாற்றுவோம்: சாப்பிட உட்காரும்போது முதலில் பொரியல், கூட்டு, கீரை தட்டில் பாதி இடத்தைப் பிடிக்கட்டும். அடுத்து பருப்போ முட்டையோ மீனோ கோழியோ கால் பங்கு. மீதிக் கால் பங்கில்தான் சோறு.

வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி. தாராளமாகப் போட்டால் ஒரு தட்டில் 350 கிராம் வந்துவிடும். அதை 200 கிராம் ஆக்கினால் கிட்டத்தட்ட 200 கலோரி குறையும். முன்பு சேர்த்த 225-உடன் நம் 400 தாண்டிவிட்டது. முதல் ஒரு வாரம் மட்டும் சோற்றைத் தராசிலோ ஒரே கிண்ணத்திலோ அளந்து போடுங்கள், பிறகு கண்ணுக்கே பழகிவிடும்.

சோற்றைக் குறைத்துவிட்டுப் புரதத்தைக் கூட்டாவிட்டால் நாலு மணிக்குப் பசி வந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க வைக்கும். எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை, 70 கிலோவுக்கு 58 கிராம். காலையில் மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை. மதியம் சோறு, பருப்பு, பொரியல், ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி இரண்டு தோசையும் ஒரு டம்ளர் பாலும். இதில் 55 கிராம் போல் வந்துவிடும். மத்தி மீன் கிடைக்கும் ஊராக இருந்தால் இன்னும் மலிவாக முடியும். சைவக்காரர்கள் முட்டைக்குப் பதிலாகச் சோயா உருண்டை 25 கிராம் போட்டுக் குருமா வைத்தால் 13 கிராம் கிடைக்கும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில், “ஏன்ம்மா, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோயேன், மெலிஞ்சு போயிட்ட” என்ற குரல் வரத்தான் செய்யும். டயட் என்று விளக்கம் சொல்லப் போனால் பேச்சு வளரும். “பொரியல் இன்னும் கொஞ்சம் வையுங்க அத்தை” என்று கேட்டுப் பாருங்கள். போட்ட திருப்தி அவர்களுக்கு, சோறு குறைந்த நிம்மதி நமக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

காய் நறுக்க நேரமில்லை என்பதால்தான் வார நாட்களில் உருளைக்கிழங்கு வறுவலும் ஊறுகாயும் சோற்றுக்குத் துணையாகின்றன. இதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். பீன்ஸ், கேரட், கோஸ் நறுக்கி, ஈரமில்லாமல் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு வரும். கீரையை ஆய்ந்து துணியில் சுற்றி வைக்கலாம். கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, காராமணி மூன்றையும் ஊறவைத்து, குக்கரில் தனித்தனியாக வேகவைத்து, ஒரு பகுதியை ஃபிரீசரில் வைத்துவிட்டால் வாரம் முழுக்க ஐந்து நிமிடத்தில் சுண்டல் தாளிக்கலாம்.

இந்த வேலை முழுக்க அம்மாவின் தலையில் விழுந்தால் திட்டம் அடுத்த மாதம் தாங்காது. அப்பா காய் நறுக்கட்டும், பத்து வயதுப் பிள்ளை பட்டாணி உரிக்கட்டும். எடை குறைக்கிறவர் அப்பாவாக இருந்தால், அதற்கான சுண்டலை அவரே வேகவைப்பதுதான் நியாயம்.

ஆபீஸில் என்ன செய்வது?

லஞ்ச் பாக்ஸில் சிறிய டப்பாவில் சோறு, பெரிய டப்பாவில் காய். இந்த ஒரு மாற்றம் போதும். பதினொரு மணி டீக்கும் நாலு மணி டீக்கும் நண்பர்களோடு கீழே இறங்குவதை நிறுத்த வேண்டாம். டீ குடிக்கலாம், வடையும் பஜ்ஜியும் வாரம் ஒருநாள். மேஜை இழுப்பறையில் வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பது நல்ல யோசனைபோல் தெரியும். 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, ஒரு கைப்பிடியோடு நிறுத்த முடியாதவர்கள் சுண்டலோ கொய்யாப்பழமோ எடுத்துப் போங்கள்.

இரவில் சமைக்கத் தெம்பில்லாத நாள் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு ஆப்பில் பரோட்டாவும் பிரியாணியும் தேடும் முன், வீட்டில் மாவு இருக்கிறதா என்று பாருங்கள். இட்லி மாவும் நாலு முட்டையும் எப்போதும் ஃபிரிட்ஜில் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். ஆர்டர் போட்டால் வந்து சேரவே முக்கால் மணி ஆகும்.

இரண்டாவது மாதம்: நடையைப் பிரித்துப் போடுவோம்

உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று முன்பு நிபந்தனை இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய சலுகை.

எனவே பிரித்துப் போடுவோம். பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினால் எட்டு, பத்து நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டடத்தைச் சுற்றி ஐந்து நிமிடம். பிள்ளை டியூஷனிலோ நீச்சல் வகுப்பிலோ இருக்கும் நேரத்தில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து போன் பார்க்காமல் தெருவைச் சுற்றலாம். பெற்றோருக்குக் கிடைக்கும் நல்ல நேரம் அதுதான், அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். ராத்திரி சாப்பிட்டபின் குடும்பமாக மொட்டை மாடியில் பத்து நிமிடம். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரி.

தினம் பத்தாயிரம் அடி என்ற எண் பயமுறுத்த வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பிரபலமான எண் அது, மருத்துவர்கள் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை. போன் இப்போது 3,000 காட்டினால் அடுத்த மாதம் 5,000, அதற்கடுத்து 7,000 என்று போகலாம்.

துணை வேண்டுமென்றால், தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளைத் தொடங்கியது. நம் மாவட்டத்துப் பாதை எது என்று விசாரித்து ஞாயிறு காலை பிள்ளைகளோடு போய்வரலாம். எட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மாதம்: வாரம் இருமுறை, பத்து நிமிடம்

சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். அதைத் தடுக்க வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். குக்கர் விசில் வருவதற்குள் முடிகிற வேலைதான்.

நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது பத்து முறை. அது சுலபமானதும் நாற்காலி இல்லாமல் தோப்புக்கரணம். பிள்ளையையும் கூப்பிட்டால் போட்டியாகிவிடும், யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து. பழகியபின் சமையல் மேடையில், பிறகு தரையில். மூன்றாவது, இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு மாடிப்படி ஏறி இறங்குவது. இந்த மூன்றையும் மூன்று சுற்று. முட்டி வலி இருப்பவர்கள் படியைத் தவிர்த்து, பாட்டிலோடு சமதளத்தில் நடந்தால் போதும்.

தூக்கம்

பிள்ளைகள் தூங்கியபிறகு கிடைக்கும் ஒரே தனிமை என்று பன்னிரண்டு மணி வரை போனை உருட்டுகிறோம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, மறுநாள் இனிப்பும் பொரித்ததும் அதிகமாக இழுக்கும். அரை மணி முன்னால் படுங்கள். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

மாதம் எவ்வளவு செலவு?

ஆரம்பச் செலவு, பரிசோதனை சேர்த்து சுமார் 3,200 முதல் 5,700 ரூபாய். அதன்பின் மாதம் முட்டைக்கு ஆளுக்கு 200 ரூபாய் சொச்சம், கூடுதல் காய்கறி, பயறுக்கு 500 முதல் 800 வரை. வரவுப் பக்கம் பார்த்தால் எண்ணெயில் ஒரு லிட்டர் மிச்சம், டீக்கடை வடையில் சில நூறு மிச்சம், ஆப்பில் போடும் ஆர்டர் மாதம் நான்கு குறைந்தால் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். மொத்தத்தில் மளிகைக் கணக்கு ஏறாது.

உஷார்

ஒரே மாதத்தில் 10 கிலோ என்று விளம்பரம் வந்தால் நகர்ந்துவிடுங்கள். ஷேக் பவுடர் விற்கும் தெரிந்தவர்களிடம் மரியாதையாக மறுப்பது கஷ்டம்தான், இருந்தாலும் மறுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் குடித்து இறங்கிய எடை, சாப்பாட்டுக்குத் திரும்பியதும் திரும்பிவரும். கொடம்புளிச் சாறு மாத்திரைகளை ‘இயற்கை’ என்று நம்பி விழுங்காதீர்கள். அவற்றால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடுகிற புளியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிறுதானியம் நல்லது, நார்ச்சத்து உண்டு. ஆனால் கலோரி அரிசிக்கு ஏறக்குறைய சமம். தினைப் பொங்கலில் நெய்யை ஊற்றிவிட்டு எடை இறங்கவில்லையே என்று கேட்கக் கூடாது. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கொழுப்பைக் கரைக்காது.

எடை குறைக்கும் ஊசிகள் 2025-இல் இந்தியாவில் பேச்சுப்பொருளாகின. மௌஞ்சாரோ மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் வந்தன. வேலை செய்யும் மருந்துகள்தான். யாருக்கு, எந்த அளவில், எவ்வளவு காலம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். குமட்டல், வாந்தி சகஜம், நிறுத்தினால் எடை திரும்பக்கூடும். தோழி போட்டுக்கொண்டார் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பொருள் இல்லை.

இன்னொன்று, பிள்ளைகள் முன்னால் “நான் குண்டு” என்று புலம்ப வேண்டாம். வளரும் பிள்ளைகளின் சோற்றையும் பாலையும் நம் திட்டத்துக்காகக் குறைக்கவும் கூடாது. காய் கூடட்டும், பொரித்தது குறையட்டும். அவர்களுக்கு அது போதும்.

முள் நகரவில்லையே?

முதல் இரண்டு வாரம் வேகமாக இறங்குவது பெரும்பாலும் உடலில் தேங்கிய நீர். பிறகு மெதுவாகும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டலாம். பெண்கள் போன வார எடையோடு ஒப்பிடாமல், போன மாதம் அதே நாட்களில் இருந்த எடையோடு ஒப்பிடுங்கள். கல்யாண வீட்டு விருந்துக்கு மறுநாள் உப்பினால் தண்ணீர் தேங்கி முள் ஏறும், மூன்று நாளில் இறங்கிவிடும்.

நான்கு வாரமாக எடையும் டேப்பும் இரண்டுமே அசையவில்லை என்றால் நோட்டை மறுபடி திறந்து ஒரு வாரம் எழுதுங்கள். பெரும்பாலும் எண்ணெய் பாட்டில் மறுபடி சாயத் தொடங்கியிருக்கும், அல்லது அரைத் தோசை திரும்பி வந்திருக்கும். அதுவும் இல்லை என்றால் டாக்டரிடம் போகலாம்.

தீபாவளி, கல்யாணம், ஊர்ப்பயணம்

இந்த நாட்களில் எடை குறைக்க முயல வேண்டாம், ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பந்தியில் பிடித்த இரண்டை நன்றாகச் சாப்பிட்டு மற்றதை இலையில் கொஞ்சமாக வாங்குங்கள். பாயசம் பிடிக்கும் என்றால் பாயசம் இருக்கட்டும், அப்பளத்தை நொறுக்கி அதில் போடுவதை வேண்டுமானால் விடலாம். வீட்டில் மிஞ்சும் பட்சணத்தைச் சமையல் மேடையில் வைக்காமல் எட்டாத அலமாரியில் வைத்து, மறுநாளே பாதியை ஆபீஸுக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் பகிர்ந்துவிடுங்கள். ஊருக்குப் போனால் எடை மெஷினைத் தேட வேண்டாம். திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.